வெற்று மருந்தை ஏற்றவர்கள்

ஒரு நோயாளியின் உடலில் ஒரு பொருள் குறைவாக இருக்கிறது. அந்தப் பொருள் நம் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் நோய் தணியும் என நம்புகிறோம், ஆனால் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டுமானால், நோயாளர்களில் பாதிப்பேருக்கு அதைக் கொடுத்து, மற்றப் பாதிப்பேருக்கு அதைப்போலவே தோன்றும் ஒரு வெற்றுத் திரவத்தை ஏற்றி, யாருக்கு எது என்பது வைத்தியருக்கும் தெரியாதபடி வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமா?

இவ்வினாவை வெறும் தர்க்கமாக எடுத்துக்கொண்டால் இரு பக்கமும் சமமாகப் பேசிக்கொண்டே போகலாம். ஒரு நோயின் வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

1963 இல் சுவீடனின் மால்மோ நகரில் லாரல், எரிக்சன் என்னும் இருவர் ஏறத்தாழ 1500 பேரின் குருதிப் புரதப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவற்றில் ஐந்தில் மாத்திரம் ஒரு கோடு தென்படவில்லை. அந்த ஐவரில் மூவருக்கு இளவயதிலேயே நுரையீரல் சிதைந்திருந்தது. அல்பா-1 அன்ரிட்ரிப்சின் குறைபாடு என்ற பரம்பரை நோய் அவ்வாறுதான் வெளிப்பட்டது.

அந்தப் புரதத்தை ஈரல் செய்து குருதிக்குள் விடுகிறது. நுரையீரலில் கிருமிகளோடு போராடும் வெண்கலங்கள் எலாஸ்டேஸ் எனும் நொதியை வெளியிடும். அது கிருமியை மட்டுமல்ல, நுரையீரலின் இழையத்தையும் அரிக்கக்கூடியது. அதைக் கட்டுப்படுத்தும் காவல்தான் இந்தப் புரதம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் 'இசெட்' வகைப் பரம்பரை அலகு வந்து சேர்ந்த ஒருவரில் அப்புரதம் கோணலாக மடிந்து, ஒன்றோடொன்று பின்னி, ஈரலுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. காவல் இன்றி நுரையீரல் கெடுகிறது. சேர்ந்து கிடக்கும் சுமையால் ஈரல் கெடுகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் இல்லாமையாலும் இன்னோரிடத்தில் மிகையாகத் தேங்கியதாலும் இரண்டு உறுப்புகளை அழிக்கும் விந்தை இது. புகைப்பவராயின் நுரையீரலின் அழிவு பல மடங்கு விரைவாகும்.

பிறர் தானம் செய்த குருதியின் திரவப் பகுதியிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, வாரம் ஒருமுறை நாளத்தில் ஏற்றும் முறையை அமெரிக்காவில் உருவாக்கினர். 1987 இல் அங்கே அதற்கு அனுமதியும் கிடைத்தது. எதன் அடிப்படையில்? ஏற்றியபின் குருதியிலும் நுரையீரலிலும் புரதத்தின் அளவு உயர்ந்தது என்பதன் அடிப்படையில். நுரையீரல் காப்பாற்றப்பட்டதா என்ற வினாவுக்கு அப்போது விடையில்லை. அதற்கு நூற்றுக்கணக்கான நோயாளர்களைப் பல வருடங்கள் தொடர வேண்டும், அரிதான நோயில் அத்தனை பேரைச் சேர்ப்பது இயலாது என்றார்கள். மூச்சுக்குத் தவிப்பவர்களைக் காக்க வைக்க மனம் வரவில்லை என்பதும் அதற்குள் இருந்தது. அந்த இரக்கத்தை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த இரக்கம் வினாவைத் தீர்க்கவில்லை என்பதை மறைக்கவும் முடியாது.

பின்னர் அமெரிக்காவில் 1129 நோயாளரின் பதிவேடு ஒன்று தொகுக்கப்பட்டு, அதன் முடிவுகள் 1998 இல் வெளிவந்தன. மருந்து பெற்றவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. எனினும் அவர்கள் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்யப்பட்டவர்கள் அல்லர். வருடத்துக்குப் பல்லாயிரம் டொலர் விலையுள்ள மருந்தைப் பெறக்கூடியவருக்கு நல்ல உணவும் நல்ல வைத்தியரும் கூடக் கிடைத்திருக்கலாம். வசதி காப்பாற்றியதா, மருந்து காப்பாற்றியதா என்பதைப் பதிவேடு சொல்லாது.

ஆகவே வெற்று மருந்தோடு ஒப்பிடும் பரிசோதனை தவிர்க்க முடியாததாயிற்று. அது எங்கே நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாவது பரிசோதனை டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் நடந்து, 1999 இல் வெளியானது. நோயாளர் 56 பேர். ஒரு சாராருக்கு மருந்து, மற்றச் சாராருக்கு அல்புமின். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று வருடங்கள். மூச்சுப் பரிசோதனையில் வேறுபாடு காணப்படவில்லை. சீ.ரீ. ஸ்கேனில் நுரையீரலின் அடர்த்தி சற்றுக் குறைவாக இழக்கப்பட்டது போலத் தோன்றியது. ஆயினும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்கள் போதவில்லை. இந்த நோயாளர்களின் நாடுகளில் அம்மருந்து சாதாரணமாகக் கிடைக்கவில்லை. அனுமதி பெற்ற நாட்டில் கேட்க முடியாமற்போன வினா, மருந்து கிடைக்காத நாட்டு மக்களின் உடலில் வந்து குடியேறியது. அமெரிக்க நோயாளி ஒருவர், "எனக்கு வெற்று மருந்து வேண்டாம், கடையில் உள்ளதைத் தாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு, பாதி வாய்ப்புள்ள பரிசோதனைதான் மருந்துக்கான ஒரே கதவு. அவரது சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் உண்மையானதுதான். அது எவ்வளவு சுயாதீனமானது என்பது வேறு விடயம்.

2015 இல் 'லான்செற்' சஞ்சிகையில் பெரிய பரிசோதனை வெளிவந்தது. 13 நாடுகள், 180 பேர். 93 பேருக்கு மருந்து, 87 பேருக்கு வெற்று மருந்து, இரண்டு வருடங்கள். மருந்து பெற்றவர்களின் நுரையீரல் அடர்த்தி வருடத்துக்கு லீற்றருக்கு 1.45 கிராம் வீதம் குறைந்தது, மற்றவர்களில் 2.19 கிராம். இழப்பு நிற்கவில்லை, மெதுவாயிற்று. மூச்சின் அளவில் அப்போதும் வேறுபாடு தெரியவில்லை. இங்கே அவநம்பிக்கையாளர் சிரிக்கலாம். நான் சிரிக்கமாட்டேன், அடுத்த படி அவ்வளவு கனமானது.

பரிசோதனை முடிந்ததும், அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களில் 140 பேர் மேலும் இரண்டு வருடங்கள் தொடர்ந்தனர். இப்போது எல்லோருக்கும் உண்மையான மருந்து. முன்பு வெற்று மருந்து பெற்ற 64 பேரிலும் இழப்பின் வேகம் தணிந்தது. ஆனால் அந்த முதல் இரண்டு வருடங்களில் அவர்கள் இழந்தது திரும்பி வரவில்லை. முன்பே மருந்து பெற்றவர்களை அவர்கள் எட்டிப்பிடிக்கவில்லை. மருந்து பலனளிக்கிறது என்பதற்குக் கிடைத்த மிக நல்ல சான்று இதுதான். அதாவது, சிலர் தம் நுரையீரலின் ஒரு பங்கைத் திரும்பப் பெற முடியாதபடி விட்டுக்கொடுத்ததே சான்றாயிற்று.

உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964 இல் வந்தது. 2000 ஆம் ஆண்டுத் திருத்தம், நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஒன்று இருக்குமாயின் புதியதை அதனோடுதான் ஒப்பிட வேண்டும் எனக் கண்டிப்பாகச் சொன்னது. 2002 இல் ஒரு விளக்கக் குறிப்பு அந்தக் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்தியது. நமது விடயத்தில் மருந்துக்கு அனுமதி இருந்தது, நிரூபணம் இல்லை. எனவே விதியின்படி வெற்று மருந்து கொடுத்தது குற்றமல்ல. கொடுக்காமல் விட்டிருந்தால் இன்றுவரை அறிந்திருக்கவும் மாட்டோம். அரசுகள் பெருந்தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு செலவிட்டிருக்கும், அல்லது கண்ணை மூடிக்கொண்டு மறுத்திருக்கும். பரிசோதனை நடந்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் 'சரி' என்பதோடு கணக்கு முடிந்துவிட்டது என எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் தன் உடலை நம்பி ஒப்படைக்கையில் அது அமானிதம். அதைப் பெற்றவருக்குக் கையொப்பத்துக்குப் பின்னரும் கடமை இருக்கிறது: பலனுள்ளதென்று கண்டதை முதலில் அவருக்குக் கொடுப்பது, கண்டறிந்ததை அவரிடம் வந்து சொல்வது.

இதை நெளுக்குளத்தில் இருந்து எழுதுகிறேன். இசெட் வகை அலகு நம் மக்களிடையே மிக அரிது; வட ஐரோப்பியரிடமே அது அதிகம். எனினும் ஆய்வுக்கு உடலைக் கொடுப்பது இங்கே புதிதல்ல. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவிய மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் முதிய விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, இரத்தமும் எடுத்தாங்கள், மூத்திரமும் எடுத்தாங்கள். கிணத்துத் தண்ணியையும் போத்தலில கொண்டு போனாங்கள். எனக்கு வருத்தம் இருக்கோ இல்லையோ எண்டு இண்டுவரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை." அவருக்கு ஆய்வின் மீது கோபமில்லை. மறுபடி கேட்டாலும் கொடுப்பேன் என்கிறார். அவர் கேட்பது ஒரு பதில்.

சுவீடனில் 1972 முதல் 1974 வரை பிறந்த இரண்டு இலட்சம் குழந்தைகளை இந்த நோய்க்காகப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 120 பேரில் இரட்டை இசெட் காணப்பட்டது. பெற்றோர் பலர் பெரும் கலக்கத்துக்கு ஆளானதால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் கண்டறியப்பட்ட பிள்ளைகளை ஆய்வாளர்கள் கைவிடவில்லை. பல தசாப்தங்கள் தொடர்ந்தார்கள். பதினெட்டு வயதில் அவர்கள் தம் வயதினரைவிடக் குறைவாகவே புகைத்தனர். சொல்லப்பட்ட உண்மை துன்பமும் கொடுத்தது, நுரையீரலையும் காத்தது. எங்கள் ஒழுங்கை முதியவருக்கு இரண்டில் ஒன்றும் கிட்டவில்லை.

இப்போது ஆய்வு ஈரலின் பக்கம் திரும்பியிருக்கிறது. கோணல் புரதம் உருவாவதையே தடுக்கும் ஃபசிசிரன் என்னும் மருந்தின் முதற்கட்ட முடிவுகள் 2022 இல் வெளிவந்தன. 16 பேர், அனைவருக்கும் மருந்து, ஈரலில் தேங்கிய புரதம் வெகுவாகக் குறைந்தது. பரம்பரை அலகின் பிழையையே உடலுக்குள் திருத்தும் முயற்சியின் முதல் செய்தி 2025 மார்ச்சில் வந்தது. ஃபசிசிரனின் அடுத்த கட்டத்திலோ மீண்டும் வெற்று மருந்துச் சாரார் உண்டு. ஈரலில் என்ன நடக்கிறது என்று பார்க்க விலாவுக்குள் ஊசி செலுத்தி ஒரு துணுக்கை எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை, பின்னர் மறுபடியும். வெற்று மருந்து பெறுபவருக்கும் அதே ஊசிதான்.