சண்டையில் ஓர் ஆத்தும சோதனை



பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் என்ன செய்தோம் என்று சோதித்துப் பார்க்கிறோம். என்ன கருத்தோடு செய்தோம் என்று சோதிப்பவர் எத்தனை பேர்? சண்டையென்று வந்துவிட்டால் அந்தச் சோதனையே கிடையாது. விசைப்படகு வலையை அறுத்துவிட்டது, அண்ணன் வீட்டுப் பங்கைத் தரவில்லை; நியாயம் நம் பக்கமே இருக்கலாம். ஆனால் பகை ஒளிந்துகொள்ள நியாயத்தைப்போல் வசதியான இடம் வேறில்லை. முத்துச் சலாபம் 1961-ஓடு நின்றுபோயிற்று; நம் கரையில் சச்சரவு மட்டும் நிற்கவில்லை!

1544-ம் வருஷம் இதே தூத்துக்குடியில் நடந்ததைக் கேளுங்கள். அப்போது இங்கே போர்த்துக்கீசியக் கப்பித்தானாயிருந்தவர் கோஸ்மே தெ பைவா. குதிரை வியாபாரத்திலும் சொந்த ஆதாயத்திலும் கண்ணாயிருந்தவர். அர்ச். சவேரியாருக்கும் அவருக்கும் கடும் மனஸ்தாபம். குற்றம் யார்மேல் என்று கேட்டால், நான் கப்பித்தான்மேல்தான் சொல்வேன்.

அவ்வருஷம் செப்டம்பரில் வடுகர் படை பாய்ந்தது. கப்பித்தானின் வீடும் கப்பலும் தீக்கிரையாயின. அவர் உயிர் தப்பித் தீவுக்கு ஓடினார். செய்தி சவேரியாருக்கு எட்டியது. "சர்வேசுரன் தண்டித்தார்" என்று சும்மா இருந்திருக்கலாம். ஊரும் ஆமென் சொல்லியிருக்கும். அவரோ தம் துணைவர் மான்சிலாசுக்கு அவசரமாய்க் கடிதம் எழுதி, தண்ணீர் ஏற்றிய தோணிகளோடு உடனே உதவிக்குப் போகச் சொன்னார்.

தாம் மட்டும் போகவில்லை. கப்பித்தான் தம்மைக் கண்டால் மனம் நோவார் என்பதே காரணம். முதலில் இதை வாசித்தபோது, அர்ச்சியசிஷ்டவருக்கும் வீம்பு உண்டோ என்று நினைத்தேன். பிற்பாடு வேறுவிதமாய்ப் பட்டது. நாமாயிருந்தால் முதல் தோணியில் நாமே ஏறியிருப்போம். தாகத்தால் வாடும் எதிராளியின் கையில் நம் கையாலேயே செம்பைக் கொடுத்து, "பார், நீ பகைத்தவன்தான் உன்னைக் காப்பாற்றினான்" என்று வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்லியிருப்போம். அதுவும் பழிவாங்குதல்தானே? தர்மத்தின் முக்காடு போட்டது, அவ்வளவே. சவேரியார் இப்படி எண்ணித்தான் விலகினார் என்று நான் சாதிக்கவில்லை. தண்ணீர் போய்ச் சேர வேண்டும், தாம் தெரிய வேண்டியதில்லை என்று விட்டார், அதுமட்டும் நிச்சயம்.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் ஒரு முகத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டவரின் முகம். அவருடைய வலை கிழிந்தது, அவர் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது என்று கேள்விப்பட்ட அந்த நிமிஷம், "ஐயோ பாவம்" என்று வாய் சொல்லுமுன் மனம் என்ன சொல்லிற்று?