ஒற்று மெய் சொன்னாலும்

அரசு தன் குடிமக்களை அவர்கள் அறியாமல் கண்காணிக்கலாமா என்னும் கேள்விக்குத் தமிழ் அறநூல் மரபு 'கூடாது' என்று விடை சொல்லவில்லை. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல், வேவு பார்ப்பதை மன்னனின் கடமையாகவே வைக்கிறது. ஒற்றையும் நீதிநூலையும் அவனுடைய இரு கண்களாகக் கொள்ளச் சொல்லும் வள்ளுவர், பகைவரோடு நில்லாமல் மன்னனிடம் வினை செய்வாரையும் அவன் சுற்றத்தாரையும் ஒற்றின் பார்வைக்குள் கொண்டுவருகிறார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, பொருட்பாலின் குறள்கள் பலவற்றை ஆங்கிலத்தில் தந்த ராஜாஜியே, 1951-இல் இந்திய உள்துறை அமைச்சராகத் தடுப்புக்காவல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றினார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி அரசின் மிகை அதிகாரத்தை எதிர்த்தவரும் அவரே. நாற்காலியில் இருக்கும்போது ஒரு விதமாகவும் எழுந்த பின் வேறு விதமாகவும் தோன்றக்கூடிய கேள்வி இது.

வள்ளுவர் ஒற்றை எளிதில் நம்பியவரும் அல்லர். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும், ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால் மட்டுமே தெளியவும் அவர் சொல்கிறார். கொடுங்கோன்மையையும் குடிகள் வெருவத்தக்கவற்றைச் செய்தலையும் விலக்கி, கண்ணோட்டம் என்னும் இரக்கத்தையும் பேசி முடித்த பிறகே அதிகார வரிசை ஒற்றாடலுக்கு வருகிறது. ஆயினும் ஒற்றின் மீது விதிக்கப்படும் இச்சோதனைகள் மன்னன் ஏமாறாமல் இருப்பதற்கானவை. ஒற்றன் சொன்னது மெய்யாகவே இருந்தால், வேவு பார்க்கப்பட்டவனுக்கு ஏதேனும் அநீதி நேர்ந்ததா என்ற கேள்வி அங்கே எழவில்லை. வேவு பார்க்கப்படுபவனே கோட்பாட்டளவில் ஆட்சிக்கு உரியவனாகவும் ஆகிவிட்ட மக்களாட்சியில்தான் அக்கேள்வி தவிர்க்க முடியாததாகிறது.

சமய நோக்கிலிருந்து இதற்கு ஒரு மறுப்பு எழலாம். விசிஷ்டாத்வைதம் என்னும் வைணவ மெய்யியல் இறைவனின் ஐந்து நிலைகளில் ஒன்றாக அந்தர்யாமியை, அதாவது ஒவ்வோர் உயிரின் உள்ளேயும் உறைந்து அதை நடத்துபவனைக் கூறுகிறது. அவன் அனைத்தையும் அறிவதை அமைதியோடு ஏற்கும் அடியவர், அரசு சிலவற்றை அறிவதற்கு ஏன் அஞ்ச வேண்டும்? ஆனால் இறையறிவில் குறையும் இல்லை, தன்னலமும் இல்லை. அந்தர்யாமிக்குத் தேர்தலில் வெல்ல வேண்டிய தேவையும் இல்லை. அரசின் அறிவோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களாலும் விலைக்கு வாங்கிய கருவிகளாலும் துண்டு துண்டாகத் திரட்டப்படுவது. மறைக்க ஒன்றும் இல்லாதவன் அஞ்ச வேண்டியதில்லை என்ற வாதம், இறைவனுக்கு மட்டுமே பொருந்தும் தகுதியை ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டைப் பாதி மட்டுமே ஏற்றுள்ளது. 1885-இன் தந்திச் சட்டம், பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் காரணங்களின்றி உரையாடலை ஒட்டுக்கேட்க இடம் தரவில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலரின் ஆணையும் அதை ஆராயும் மறுஆய்வுக் குழுவும் வேண்டும் என்றது. அக்குழுவில் அமர்பவர்கள் அரசின் செயலர்களே. தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், 2024 டிசம்பரில் வெளியான விதிகளும் இந்த அமைப்பை மாற்றவில்லை. ஒற்றை ஒற்றால் சரிபார்க்கும் பழைய முறையே கோப்பு வடிவில் தொடர்கிறது எனலாம். கர்நாடகத்தில், தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தால் முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே 1988-இல் பதவி விலகியதற்குக் காரணமும் அரசியல் நெருக்கடியே, இத்தகைய சரிபார்ப்பு அன்று.

உளவு மென்பொருள் இச்சிக்கலை ஆழமாக்கியது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகக் கூறும் பெகாசஸ், உரியவர் எதையும் தொடாமலேயே கைபேசிக்குள் நுழைந்து, செய்திகளைப் படிக்கவும் ஒலிவாங்கியையும் கேமராவையும் இயக்கவும் வல்லது. கம்பியில் ஓடும் பேச்சைக் கேட்பதும், ஒருவரின் கடிதம், படம், நோய், நட்பு அனைத்தும் குடியிருக்கும் கருவிக்குள் புகுந்து உட்கார்வதும் அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறானவை. 2021 ஜூலையில் இந்தியச் செய்தியாளர்கள் மற்றும் அரசியல்வாதிகளின் எண்கள் இது தொடர்பாக வெளிவந்தபோது, நாட்டின் பாதுகாப்பைக் காட்டி ஒன்றிய அரசு விரிவான விளக்கம் தர மறுத்தது. அச்சொல்லைச் சொன்னதாலேயே அரசு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் அக்டோபர் 27 அன்று நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. ஆராயப்பட்ட 29 கைபேசிகளில் 5-இல் தீநிரல், அதாவது கெடுநோக்குடைய மென்பொருள், இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை எனவும், அரசு ஒத்துழைக்கவில்லை எனவும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில், அரசின் ஆதரவு பெற்ற தாக்குதலாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை எதிர்க்கட்சித் தலைவர்கள் பலருக்கு ஆப்பிள் அனுப்பியது.

மெய்யான வேவும் தவறாகலாம் என்ற நிலைப்பாட்டை மிகத் தெளிவாக எடுத்தது சென்னை உயர் நீதிமன்றம். ஊழல் வழக்கொன்றில் 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், குற்றத்தைக் கண்டுபிடிக்கும் நோக்கம் மட்டும் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ ஆகாது என்றும், பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை என்றும் கூறி, அவற்றைச் சான்றாகப் பயன்படுத்த முடியாது எனத் தீர்ப்பளித்தார். குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பதற்குள் அத்தீர்ப்பு புகவே தேவைப்படவில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன், ஜூன் இறுதியில், வேறோர் ஊழல் வழக்கில் அதே சட்டப் பிரிவைப் படித்த தில்லி உயர் நீதிமன்றம், ஊழலின் பரந்த விளைவு பொதுப் பாதுகாப்பையே தொடுவது என்று கொண்டு, ஒட்டுக்கேட்பை ஏற்றிருந்தது.