வளைந்து கொடுக்க வேண்டியவர் யார்?

பழமையும் புதுமையும் ஓரிடத்தில் சந்திக்கும்போது, இரண்டனுள் எது மற்றதற்காகத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும்? இவ்வினா சமுதாயத்திற்கு மட்டும் உரியதன்று. இரும்பாலும் செம்புக் கம்பியாலும் ஆகிய இயந்திரத்திற்கும் உரியது. சமுதாயத்தில் இவ்வினா எழும்போது விருப்பும் வெறுப்பும் குறுக்கிட்டு விடையை மறைத்துவிடும். இயந்திரத்திடம் அவை செல்லா. அங்கே தவறான விடை, அளவு தவறிய பொருளாக வெளிப்பட்டு விடும். ஆதலின் தொழிற்கூடத்தில் இதனை ஆராய்வது பயனுடையது.

எண்களால் ஆளப்படும் மில்லிங் இயந்திரம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. பின்னர்க் கணினி அப்பணியை ஏற்றது, சி.என்.சி. என்னும் கணினிவழி எண்கட்டுப்பாடு தோன்றியது. 1970களில் வெளிவந்த பிரிட்ஜ்போர்ட் 'சீரிஸ் 1' சி.என்.சி. இயந்திரம் அவ்வகையில் பலர் அறிந்தது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள வார்ப்பிரும்பு உடல். மேசையை நகர்த்த ஸ்டெப்பர் மோட்டார்கள். அவற்றிற்கு மின்னோட்டத்தை முறைப்படி வழங்கும் 'டிரைவ்' என்னும் இயக்கிகள். அனைத்தையும் ஆளும் கணினி. ஆண்டுகள் பல கழிந்தபின், இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில் உடல் உறுதியாகவே நின்றது; மூளைதான் முதலில் மூப்படைந்தது.

அப்போது உரிமையாளர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. முழுவதையும் பழைய இரும்பாக விற்றுவிடலாம். அல்லது பழைய இயக்கிகளோடு புதிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை இணைக்கலாம். பின்னைய வழி இன்று எளியவர்க்கும் திறந்திருக்கிறது. 1990களில் அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கட்டுப்பாட்டு நிரல் ஒன்றின் வழித்தோன்றலாகிய 'லினக்ஸ் சி.என்.சி.'யை எவரும் விலையின்றிப் பெறலாம். ஆயினும், கம்பியைக் கம்பியோடு முறுக்கிவிட்டால் இணைப்பு ஆகிவிடாது. இரண்டும் பேசும் மொழி வேறு.

ஸ்டெப்பர் மோட்டார் தொடர்ந்து ஓடுவதன்று, படிப்படியாகச் சுழல்வது. ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் என்பது பெருவழக்கு. ஒரு துடிப்பு வந்தால் ஒரு படி. புதிய பலகை, படிக்கு ஒரு கம்பியும் திசைக்கு ஒரு கம்பியுமாகக் கட்டளை இடுகிறது. பழைய இயக்கிகள் சிலவோ, வலமாகச் சுழல ஒரு கம்பியிலும் இடமாகச் சுழல மற்றொரு கம்பியிலும் துடிப்பை எதிர்பார்க்கின்றன. புதியது 5 வோல்ட் அளவிலோ 3.3 வோல்ட் அளவிலோ மெல்லப் பேசுகிறது. பழையவற்றுள் சில 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் செவிமடுப்பதில்லை. புதியதன் துடிப்பு, வினாடியைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஓரிரு கூறே நிலைத்து மறைந்துவிடலாம். பழையது அதனை உணர்வதற்கு அதைப்போல் பல மடங்கு நேரம் வேண்டியிருக்கலாம்.

இங்கே வளைய வேண்டியது எது? புதிய பலகையில் துடிப்பின் நீளத்தை மாற்ற ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். பழைய இயக்கியில் அதே மாற்றத்தைச் செய்ய, இன்று செய்யப்படாத உறுப்புகளைத் தேடி அலைய வேண்டும். எனவே புதியதே வளைகிறது. அது சிறியது என்பதனால் அன்று. வளையும் ஆற்றல் அதனிடம் இருப்பதனால். வகுப்பறையில் அவ்வாற்றல் ஆசிரியரிடம் இருக்கிறது. மாணவன் ஏற்கும் விரைவிற்குத் தம் சொல்லைத் தாழ்த்த அவரால் முடியும். வீட்டில் புதிய கருவியொன்றைப் பாட்டிக்கு விளக்கும்போது அதே ஆற்றல் பேரனிடம் இருக்கிறது. கடமை வயதைப் பார்த்து வருவதன்று. ஆற்றலைப் பார்த்து வருவது.

வளைதல் என்பது தன்னை இழத்தலும் அன்று. இவ்விணைப்பில் 'ஆப்டோகப்ளர்' என்னும் சிற்றுறுப்பைப் பயன்படுத்துவர். அதன் ஒரு பக்கம் ஒளி உமிழும். மறுபக்கம் அவ்வொளியை உணரும். இடையே கம்பித் தொடர்பு இல்லை. செய்தி கடக்கிறது, ஒரு பக்கத்து மின்னழுத்தம் மறுபக்கத்தைத் தாக்குவதில்லை. புதியது 5 வோல்ட்டாகவே இருக்கிறது. பழையது 12 வோல்ட்டாகவே இருக்கிறது. நல்ல நடுவர் எவரும் செய்ய வேண்டிய பணி இதுவே.

இதனினும் நுட்பமான அறம் ஒன்று உண்டு. இத்தகைய பழைய அமைப்பில் மோட்டார் மறுமொழி கூறுவதில்லை. கட்டளை சென்றது, அது நிறைவேறியதா என்பதைப் பலகை அறியாது. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத்தண்டில் ஒரு படி என்பது 0.025 மில்லிமீட்டர். துடிப்பின் முனை மாறிப் பொருந்திவிட்டால், திசை மாறும்போது ஒரு படி தவறக்கூடும். ஒரே பக்கமாக 40 படிகள் தவறினால் பிழை 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். திரையிலோ எண்கள் சரியாகவே நிற்கும்! ஆகவே அறிந்த தொழிலாளி, மேசையைப் பலமுறை முன்னும் பின்னும் ஓட்டி, புறப்பட்ட இடத்திற்கே அது திரும்பியதா என டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறான். மறுத்துப் பேச இயலாதவர்க்குக் கட்டளை இடுபவர், அவர்தம் மௌனத்தை உடன்பாடாகக் கொள்ளலாகாது. தலையசைக்கும் வகுப்பெல்லாம் பாடத்தை உணர்ந்த வகுப்பன்று.

அங்ஙனமாயின் பழையன யாவும் காக்கப்பட வேண்டுமோ? வேண்டுவதில்லை. காப்புறை வெடித்த கம்பியும், அவசரப் பொத்தானை அழுத்தியும் நில்லாத இயக்கமும் இயக்குபவன் கையைப் பறிக்கும். அங்கே பழமையைப் போற்றுவது பண்பன்று, கொடுமை. மனிதனுக்குப் பின்னரே இயந்திரம்.

காலத்திற்கேற்பப் பழைய சொற்கள் மறைவதையும் புதியன சேர்வதையும் நன்னூல் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் கழிதல் வேறு, கழித்தல் வேறு. முன்னது தன்வினை, காலம் அதனைச் செய்கிறது. பின்னது பிறவினை, அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பழைய இயக்கி எத்தனை வோல்ட்டில் செவிமடுக்கும் என்று அளந்தும் பாராமல் அதனை எறிபவன், அது பயனற்றது என்று கண்டவன் அல்லன். அதன் மொழியைக் கற்க மறுத்தவன். கற்றறிந்தபின் கழிப்பவனுக்கே கழிக்கும் உரிமை உண்டு.