கரகத்துக்குள் யார்?

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரை, தேனிப் பக்கத்து ஊர்களுக்குப் போனால் ஒரே நாளில் இரண்டு கரகங்களைப் பார்க்கலாம். முதல் கரகம் ஊருணிக் கரையில் சோடிக்கப்படும். குடத்தில் நீர், வாயில் வேப்பிலை, சுற்றிலும் பூச்சரம், உச்சியில் எலுமிச்சை. காப்புக் கட்டி விரதமிருந்த பூசாரி அதைத் தலையில் ஏந்தி வருகையில், வாசலுக்கு வாசல் பெண்கள் அவர் காலில் குடம் குடமாய் மஞ்சள் நீர் ஊற்றி விழுந்து கும்பிடுவார்கள். அது சக்தி கரகம். அந்த நேரத்துக்கு அம்மனே அதுதான்.

இரவில் வருவது ஆட்டக் கரகம். பித்தளைச் செம்புக்குள் கனத்துக்காக அரிசியோ மணலோ இருக்கும்; உச்சியில் ஒரு கிளி சுழலும். கையால் தொடாமலே ஆட்டக்காரி ஏணி ஏறி இறங்குவாள். பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பாள். பார்க்கிறவர்கள் கும்பிடுவதில்லை. விசிலடிக்கிறார்கள், உடுப்பில் ரூபாய் நோட்டைக் குத்துகிறார்கள்.

இரண்டும் குடம்தான். ஒன்றில் சாமி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்று எதை வைத்துச் சொல்வது?

1989ல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ இந்தக் கேள்வியை வசனத்தில் கேட்கவே இல்லை. கங்கை அமரன் இயக்கி, ராமராஜனும் கனகாவும் நடித்த அந்தப் படம் மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடியது. இன்றைக்கும் படத்தின் பெயரைச் சொன்னதும் பலருக்கு வாழைப்பழ நகைச்சுவைதான் நினைவுக்கு வரும். அந்த நகைச்சுவையைப் பேசிய இருவரும் படத்தில் மேளக்காரர்கள், கோயில் கொடைகளை நம்பி அடுப்பெரியும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது மறந்துபோகிறது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடை ஏறிய இசையமைப்பாளர் இளையராஜாவுக்கும் அவர் தம்பி கங்கை அமரனுக்கும் இந்தத் திருவிழா இரவுகள் அந்நியமானவை அல்ல.

கதையில் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் சாயல் நன்றாகவே தெரியும். இரண்டு கலைஞர்கள், முதலில் போட்டி, பிறகு காதல். ஆனால் முடிவு எவ்வளவு மாறிவிடுகிறது! 1968ல் வந்த அந்தப் படத்தில் சதிர் ஆடிய மோகனாம்பாளுக்கு நாதசுரத்துக்கு ஈடுகொடுத்து ஆடியதற்காகப் பட்டம் கிடைத்தது. ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கரகம் ஆடிய காமாட்சிக்கும் முத்தையாவுக்கும் கிடைத்தது தீக்குழி. ஊர் கண்முன்னே கரகத்தோடு தீயில் இறங்கித் தங்களை மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

படம் சறுக்குவது இந்த இடத்தில்தான். நம் ஊர்களில் தீ மிதிப்பது விசாரணை அல்ல, நேர்த்திக்கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது, மழை பெய்தது, போன உயிர் திரும்பி வந்தது என்று நன்றி சொல்ல இறங்குகிறார்கள். நெருப்பைப் ‘பூக்குழி’ என்று சொல்கிற வாய், அங்கே சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. திரௌபதியம்மன் கதைகளில் கற்பை மெய்ப்பிக்கும் தீ உண்டு, உண்மைதான். ஆனால் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தணலில் நடக்கும் தகப்பன் யாருக்கும் எதையும் நிரூபிக்க வரவில்லை. அவனுக்கும் அம்மனுக்கும் நடுவில் ஒரு வாக்கு இருக்கிறது, அவ்வளவுதான். சாமியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது சீதையைத் தீயில் இறக்கிய கதையின் வழி. மாரியம்மன் கோயில் வாசலின் வழி அது அல்ல.

கதை நழுவவிட்டதை இசை பிடித்துக்கொள்கிறது. அந்தத் தீக்குழிக் காட்சியில் மலேசியா வாசுதேவனும் சித்ராவும் பாடும் கடைசிப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதில் குற்றவாளியும் இல்லை, நீதிபதியும் இல்லை. இருப்பது அழைப்பு மட்டுமே. தாயைப் பெயர் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிடும் குரல், அடிக்கு அடி ஏறும் தாளம். ஊரில் அருள் இறக்கும் முறையும் இதுவே. நையாண்டி மேளத்தில் ஆட்டக்காரியின் காலுக்கு அடி கொடுக்கும் பம்பைதான், பகலில் சாமியாடியின் உடம்பிலும் அதிர்வை ஏற்றுகிறது. தோலுக்கு இரவும் பகலும் வேறில்லை. வேலன் வெறியாடிய சங்க காலத்திலிருந்தே தமிழருக்குத் தெய்வம் முழக்கத்தின் வழியாகத்தான் இறங்கி வந்திருக்கிறது.

இன்னும் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடலில் ஒன்று குடக்கூத்து. வாணாசுரனின் நகர வீதியில் மாயவன் குடம் கொண்டு ஆடியது அது. கரகாட்டத்தின் மூதாதை அதுவே என்று கருதுவோர் உண்டு. அங்கே தெய்வம் குடத்துக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. குடத்தை வைத்து ஆடிய ஆட்டக்காரனே தெய்வம். அப்படியிருக்க, ஆட்டக் கரகத்தை ஒரு படி கீழே வைக்கும் வழக்கம் சாமியிடமிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. கூலி வாங்கி ஆடுகிறவளை, ராத்திரி முழுக்க ரசித்துவிட்டு விடிந்ததும் தள்ளி நிறுத்துகிற மனிதர்களிடமிருந்து வந்தது அது. இன்றைக்கு அதே ஆட்டத்துக்கு ஆபாசம் என்ற பழியும் சேர்ந்துகொண்டது. கோயில் விழாவில் கரகாட்டம் நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை மனு போகிறது.

படத்தின் அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் அனுமதி கேட்காமல் கோயிலுக்குள் போய்விட்டது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடங்களில் ஒலிபெருக்கி அதைப் பாடுகிறது. கேட்ட மாத்திரத்தில் வரிசையில் நிற்கும் ஒருத்திக்கு அருள் வந்து, கூந்தல் அவிழ்ந்து ஆடுகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் அது சினிமாப் பாட்டு என்று சொல்லித் தடுப்பதில்லை. நெற்றியில் திருநீறு பூசி, வேப்பிலையைக் கையில் கொடுத்து, என்ன வேண்டும் தாயே என்று கேட்கிறார்கள்.

திருவிழா முடிந்ததும் சக்தி கரகம் மேளதாளத்தோடு போய் நீரில் கரையும். ஆட்டக் கரகத்தின் கிளியைக் கழற்றி, செம்பிலிருந்த அரிசியைப் பையில் கொட்டி முடிந்துகொண்டு, அந்தப் பெண் முதல் பஸ்ஸுக்கு நிற்கிறாள். செம்பை மட்டும் அவள் தரையில் வைப்பதில்லை. மடியில் வைத்திருக்கிறாள்.