அத்திமரமும் ஆடுகளமும்

லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்தின் உவமை உண்டு. தோட்டத்துக்குரியவர் மூன்று ஆண்டுகளாக வந்து வந்து கனி தேடுகிறார்; காணாமையால் மனம் கசந்து, மரத்தை வெட்டிவிடுமாறு பணிக்கிறார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். இவ்வுவமையைப் பொறுமையின் பாடமாகவே நாம் பெரிதும் கேட்டு வந்திருக்கிறோம். ஆயினும் அதில் கோபத்தின் பாடமும் அடங்கியிருக்கிறது. மரத்தை நடுவித்தவர் அவர், காத்திருந்தவர் அவர், ஏமாந்தவரும் அவரே. அவருடைய கோபத்தை நியாயமற்றது என்று யாரால் சொல்ல முடியும்? நாம் நேசித்த ஒன்று கனி தராதபோது நம்முள் எழும் கோபத்துக்கு எவ்வளவு உரிமை உண்டு? எந்த எல்லையைக் கடக்கும்போது அது அநீதியாகிறது? இவையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்பும் வினாக்கள்.

இவற்றுக்கு விடை தேடி ஒரு கால்பந்துக் கழகத்தின் வாயிலுக்குச் செல்வோம். அது ஆலய நிழலில் பிறந்த கழகம் என்பதால், நமக்கு முற்றிலும் அந்நியமான இடமன்று.

பசித்த பிள்ளைகளுக்காகப் பிறந்த கழகம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1887 நவம்பரில், புனித மரியா ஆலய மண்டபத்தில் செல்டிக் கழகம் தோன்றியது. தோற்றுவித்தவர் மாரிஸ்ட் சபையின் அருட்சகோதரர் வால்ஃபிரிட். அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் ஆசிரியப் பணியாற்றியவர். பஞ்சமும் வறுமையும் துரத்த அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த கத்தோலிக்க மக்கள் நகரின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி வேண்டும். அதற்கு ஆட்டம் நடத்திப் பணம் திரட்டலாம் என்பதே அவருடைய எண்ணம். 1888 மே 28 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் செல்டிக் 5-2 என்ற கணக்கில் ரேஞ்சர்ஸ் அணியை வென்றது. பிற்காலத்தில் அவ்விரு கழகங்களுக்கும் இடையே வளர்ந்த பகைமை உலகறிந்தது.

பத்தாண்டுகளுக்குள் அறக்கொடைக் கழகம் பங்கு நிறுவனமாக மாறிவிட்டது என்பது வேறு கதை. ஆயினும் மக்கள் அதைத் தங்கள் வீடாகவே கருதினர். பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் அந்தப் பச்சை வெள்ளைச் சட்டை வழிவழியாக வந்தது. இந்த உறவின் தன்மையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் சரக்கு கெட்டுப்போனால் நாம் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். கழகம் தோற்றால் இரசிகனுக்குப் போக வேறிடமில்லை. கழகத்தை மாற்றுவது அவனுக்குக் குடும்பப் பெயரை மாற்றுவது போன்றது. அதே சமயம் வீரர்களைத் தெரிவு செய்யும் உரிமையோ, மேலாளரை நியமிக்கும் அதிகாரமோ அவனிடம் இல்லை. விலகிச் செல்ல முடியாத அன்பு, எதையும் மாற்ற முடியாத கையாலாகாமை: இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் சேரும்போது குரல் ஒன்றே அவனுடைய ஆயுதமாகிறது. அக்குரல் கூச்சலாவதில் வியப்பென்ன?

ஒரு கசப்பான குளிர்காலம்

2012 முதல் 2020 வரை ஒன்பது முறை தொடர்ந்து ஸ்காட்லாந்து லீக் பட்டத்தைச் செல்டிக் வென்றிருந்தது. தொடர்ந்து ஒன்பது என்பதை அதற்கு முன்பு செல்டிக் ஒரு முறையும் ரேஞ்சர்ஸ் ஒரு முறையும் எட்டியிருந்தன. பத்தை எட்டியவர் எவருமில்லை. ஆகவே 2020-21ஆம் ஆண்டின் ஆட்டங்கள் வரலாற்றின் வாசலாகவே எதிர்பார்க்கப்பட்டன. அணியின் மேலாளர் நீல் லெனன். மேலாளர் என்று அங்கு வழங்கப்படுபவர் அலுவலக நிர்வாகியல்லர். வீரர்களுக்குப் பயிற்சியளித்து, அணியைத் தேர்ந்து, ஆட்டத்தின் உத்தியை வகுத்து, தோல்விக்கு விடை சொல்ல வேண்டியவர்.

அவ்வாண்டு எல்லாம் சரிந்தது. அக்டோபரில் சொந்தத் திடலிலேயே ரேஞ்சர்ஸிடம் தோல்வி. நவம்பரில் பிராகா நகரின் ஸ்பார்ட்டா அணியிடம் இரு முறையும் 4-1 என்ற தோல்வி. நவம்பர் 29 அன்று எளிய அணியான ராஸ் கவுண்டியிடம் லீக் கோப்பைப் போட்டியில் 2-0 என்ற தோல்வி. பெருந்தொற்றுக் காலமாதலால் திடலுக்குள் இரசிகர்கள் அனுமதிக்கப்படவில்லை. ஆண்டு முழுமைக்கும் நுழைவுச் சீட்டு வாங்கியவர்கள் இல்லங்களில் அடைபட்டுத் திரையில் தோல்வியைக் கண்டனர். அன்று மாலை நூற்றுக்கணக்கானோர் செல்டிக் திடலின் வாயிலில் திரண்டு, லெனன் வெளியேற வேண்டுமென முழங்கினர். தடுப்புகள் தள்ளிச் சாய்க்கப்பட்டன. காவலர்கள் இடையில் நிற்க வேண்டியதாயிற்று.

பசித்த பிள்ளைகளுக்காகக் கழகம் கண்ட அருட்சகோதரரின் சிலை 2005 முதல் அந்த வாயிலின் முன்தான் நிற்கிறது.

பொறுமையின் எளிய கதை

இத்தகைய வேளைகளில் அறிவுரை கூறுவோர் தவறாமல் எடுத்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1986இல் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் மேலாளரான அலெக்ஸ் ஃபெர்குசன் மூன்று ஆண்டுகளாகியும் ஒரு பட்டமும் வெல்லவில்லை. மூன்று ஆண்டுச் சாக்குப்போக்குகள் போதும், போய் வாருங்கள் என்ற பொருளில் 1989 டிசம்பரில் இரசிகர் ஒருவர் பதாகை பிடித்தார். கழகமோ அவரை நீக்கவில்லை. 1990 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 2013இல் அவர் ஓய்வுபெற்றபோது பதின்மூன்று லீக் பட்டங்களும் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளும் கழகத்தின் கையில் இருந்தன. பார்த்தீர்களா, பொறுத்தவர் பூமியாள்வார் என்று கதையை முடித்துவிடுகிறார்கள்.

இக்கதை நமக்கு நிறைவளிக்கவில்லை. பின்னர் வந்த வெற்றியைக் காட்டி முன்னைய பொறுமையை நியாயப்படுத்துவது அறமன்று, கணக்கு. வெற்றி வராமலே போயிருந்தால் அந்தப் பதாகையில் குற்றமில்லை என்போமா? எத்தனையோ கழகங்கள் பொறுத்தும் பயன் காணாமல் தாழ்ந்திருக்கின்றன. கனி கிடைக்கும் என்று உறுதியளித்துப் பொறுமையைக் கற்பிப்பவர், உண்மையில் கற்பிப்பது பொறுமையையன்று, முதலீட்டையே.

செல்டிக்கின் கதை இதனினும் கடினமானது. ஏனெனில் அங்கு இரசிகர்களின் கணிப்பு பொய்க்கவில்லை. மூன்று வாரங்களில், டிசம்பர் 20 அன்று, முந்தைய ஆண்டு தள்ளிவைக்கப்பட்டிருந்த ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதியாட்டத்தில் லெனனின் அணி வென்றது உண்மையே. அதனால் தொடர்ந்து நான்காம் ஆண்டாக உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றும் செல்டிக் வசமாயின. ஆனால் லீக் ஆட்டங்களில் சரிவு நிற்கவில்லை. ஜனவரியில் ரேஞ்சர்ஸிடம் மீண்டும் தோற்றபின், தொற்று பரவிய அந்நாளில் அணி துபாய்க்குப் பயிற்சிக்குச் சென்றது. திரும்பியபின் ஒரு வீரருக்குத் தொற்று காணப்பட, பதின்மூன்று வீரர்களும் மேலாளரும் தனிமைப்பட நேர்ந்தது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த இரசிகர்களுக்கு இது எவ்வாறு இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பிப்ரவரி 21 அன்று மீண்டும் ராஸ் கவுண்டியிடம் தோல்வி. ரேஞ்சர்ஸ் 18 புள்ளிகள் முன்னே நின்றது. பிப்ரவரி 24 அன்று லெனன் பதவி விலகினார். மார்ச் 7 அன்று பட்டம் ரேஞ்சர்ஸுக்கு உறுதியாயிற்று.

ஆக, அவர் விலகியாக வேண்டும் என்று கருதியவர்களை நாம் குறைகூற இயலாது. அப்படியானால், சரியாகக் கணித்தவர்கள் நடந்துகொண்ட முறையும் சரியானதே என்று ஆகிவிடுமா?

வாயிலுக்கு அப்பால் இருந்த மனிதர்

லெனன் கூலிக்கு வந்த அந்நியர் அல்லர். வட அயர்லாந்தின் லர்கன் நகரில் பிறந்த கத்தோலிக்கர். செல்டிக்கின் வீரராகவும் தலைவராகவும் விளையாடியவர். அந்தச் சட்டையை அணிந்ததன் பொருட்டே பகைக்கு இலக்கானவர். 2002இல் கொலை மிரட்டல் வந்ததால் தம் நாட்டு அணிக்கு ஆடுவதையே கைவிட்டார். 2011இல், அவர் முதன்முறை மேலாளராக இருந்தபோது, அவர் பெயருக்கு வெடிகுண்டுப் பொதிகள் அனுப்பப்பட்டு வழியில் கைப்பற்றப்பட்டன. அதே ஆண்டு மே மாதம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் எதிரணி இரசிகர் ஒருவர் அவர்மீது பாய்ந்தார். மனச்சோர்வு நோயால் தாம் துன்புற்றதை மறைக்காமல் பேசியவரும் அவரே.

பகைவர் வீசியதைக் கழகத்துக்காகத் தாங்கியவர், இறுதியில் சொந்த வீட்டாரின் கூச்சலைக் கேட்டார். இதைச் சொல்வதால் அவருடைய பிழைகள் மறைந்துவிடா. பழைய காயங்களைக் காட்டி இன்றைய பொறுப்பிலிருந்து யாரும் விலக்குக் கோர முடியாது. ஆனால் பொறுப்பைக் கேட்பது ஒன்று. மனிதரைச் சிதைப்பது மற்றொன்று.

கோபம் எப்போதும் பாவமன்று என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குத் தெளிவுபடுத்திய உண்மை. நேரிய காரணத்துக்காக, அறிவின் ஆட்சிக்குட்பட்டு எழும் கோபத்தை அவர் பாராட்டத்தக்கதாகவே கருதினார். தண்டனைக்கு உரியவரல்லாதவர்மீது எழும்போதும், உரிய அளவைக் கடக்கும்போதும், நீதியை நாடாமல் பிறர் துன்பத்தையே நாடும்போதும் அது தீமையாகிறது என்றார். இந்த அளவுகோலைத் திடலின் வாயிலில் வைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டின் சரிவுக்குக் காரணங்கள் பல: வீரர்களின் தளர்ச்சி, இயக்குநர்களின் முடிவுகள், ஆரவாரமற்ற வெற்றுத் திடல்கள், எதிரணியின் உண்மையான வலிமை. ரேஞ்சர்ஸ் அவ்வாண்டு லீக்கில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இத்தனையையும் ஒரு பெயருக்குள் அடக்கி, அந்தப் பெயரை வெளியே தள்ளினால் வீடு தூய்மையாகிவிடும் என்று எண்ணுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. லேவியர் நூலில், மக்களின் குற்றங்களைச் சுமந்துகொண்டு பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் வெள்ளாட்டை நாம் அறிவோம். அங்கே மக்களின் குற்றங்கள் அறிக்கையிடப்பட்டன. அந்த ஆடு தங்கள் சுமையைச் சுமந்தது என்பதை அறிந்திருந்தனர். நாமோ எதையும் அறிக்கையிடாமலே ஆட்டைத் துரத்துகிறோம். சுமை முழுவதும் அதனுடையதே என்று நம்பவும் செய்கிறோம்.

கோடரியும் மண்வெட்டியும்

அப்படியானால் இரசிகன் வாய்மூடி இருப்பதே அறமா? அன்று. இதே கழகத்தின் வரலாறு அதை மறுக்கிறது. 1990களின் தொடக்கத்தில் செல்டிக் சில குடும்பங்களின் பிடியில் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அப்போதும் இரசிகர்கள் சினந்தனர், கூட்டங்கள் கூட்டினர், இயக்குநர்கள் விலக வேண்டுமென முழங்கினர், ஆட்டத்தைப் புறக்கணிக்கவும் செய்தனர். 1994 மார்ச்சில், கழகம் நொடித்துப்போகும் விளிம்பில், ஃபெர்கஸ் மெக்கான் என்பார் பொறுப்பேற்றார். சில மாதங்களில் பங்குகள் வெளியிடப்பட்டபோது, பல்லாயிரம் எளிய இரசிகர்கள் தங்கள் சேமிப்பைக் கொண்டுவந்து பங்குதாரராயினர். அறுபதாயிரம் பேர் அமரத்தக்க இன்றைய திடல் அதன்பின் எழுந்ததே.

அந்தக் கோபத்திலும் கடுஞ்சொற்கள் இல்லாமலில்லை. எனினும் அது எதை அகற்ற வேண்டும் என்று கூவியதோடு நிற்கவில்லை. அகற்றியபின் எதைச் சுமக்கத் தான் ஆயத்தமாயிருக்கிறது என்பதையும் காட்டியது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இப்போது உவமைக்குத் திரும்புவோம். தோட்டத் தொழிலாளர் வெறுந்தவணை மட்டும் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகத் தாமே பொறுப்பேற்கிறார். மரம் காய்த்தே தீரும் என்று அவர் உறுதி கூறவில்லை. அடுத்த ஆண்டும் காய்க்காவிடில் வெட்டிவிடலாம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே இவ்வுவமை முடிவற்ற பொறுமையைப் புகழவில்லை. முடிவெடுக்கும் உரிமையை அது மறுக்கவுமில்லை. வெட்டுமுன் மண்வெட்டியை எடுத்தாயா என்று மட்டும் கேட்கிறது. மரம் பின்னர் காய்த்ததா என்பதை ஆண்டவர் சொல்லாமலே விட்டதும் பொருளுள்ளது. காய்த்தாலும் காய்க்காவிடினும் கொத்தியவரின் உழைப்பு நேரியதாகவே இருந்திருக்கும்.

இது கிளாஸ்கோவோடு முடிந்துவிடும் செய்தியன்று. நம் பங்கிலும் பள்ளியிலும் அன்பியத்திலும் கனி காணாத ஆண்டுகள் உண்டு. அப்போது நம் பார்வை பங்குத்தந்தைமீதோ, தலைமையாசிரியர்மீதோ, பாடற்குழுவை நடத்துபவர்மீதோ சென்று நிற்கிறது. அவரை மாற்ற வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கலாம். அதை உரியவரிடம் நேர்மையோடு சொல்வதும் அன்பின் கடமையே. ஆனால் சொல்லும் நாளில் நம் கையை நாமே பார்த்துக்கொள்வோம். அதில் மண் ஒட்டியிருக்கிறதா? மண் ஒட்டிய கை கோடரியை எடுக்க நேர்ந்தாலும் வருத்தத்தோடுதான் எடுக்கும். வெட்டப்படுவதும் ஒருநாள் தான் நீரூற்றிய மரமே என்பதை மறவாது.