மேல்மாடி, கீழ்மாடி

1985 ஜனவரி. பிரதமர் அலுவலக ரகசியக் காகிதங்கள் வெளியே போய், ஜெராக்ஸ் ஆகித் திரும்பிவந்த கூமர் நாராயண் விவகாரம் அம்பலமானது. தன் அலுவலக ஆட்களே மாட்டியதால், முதன்மைச் செயலர் பி.சி. அலெக்ஸாண்டர் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். (இன்று யார் செய்கிறார்கள்?) அவர்மேல் வழக்கில்லை. அப்புறம் லண்டனில் ஹைகமிஷனர். 1988-ல் நம்ம கிண்டி ராஜ்பவனில் கவர்னர்!

ஊழியர்கள்? 17 வருஷம் கோர்ட் வாசல். 2002-ல் 10 வருஷச் சிறை.

விற்றவனும் கவனிக்காதவரும் ஒன்றல்ல, சரி. ஆனால் 1923-ம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டத்தில், காகிதத்தை வைத்திருப்பவர் அஜாக்கிரதையாக இருந்தாலே குற்றம்தான். அந்த வரி மட்டும் மேல்மாடிக்குப் படியேறுவதில்லை.

தி.நகர் ஜவுளிக்கடையில் கல்லா குறைந்தால், திருடாத கேஷியர் சம்பளத்திலும் பிடிப்பார்கள். வேறு ஊர்க் கிளைக்கு மேனேஜராக அனுப்ப மாட்டார்கள்.