எழுதுகிற நான்

சென்ற பனிக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது, மொன்றியல் நகரின் கோட்-தே-நேஜ் பகுதியில், வீதியில் பனி வாரும் வண்டிகளின் இரைச்சல் சற்றும் ஓயாத வேளையில், எனக்கு மருமகள் முறையான ஒரு பிள்ளை, தன் வீட்டுச் சமையலறை மேசையின்மேல் இரண்டு தாள்களைப் பக்கத்திற் பக்கமாக விரித்து வைத்து, "மாமா, இதில 'நான்' எண்டு எழுதக்கூடாதாம்; அதில 'நான்' எங்கை எண்டு கேக்கினம். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?" என்றாள். முதலாவது, தத்துவ வகுப்புக்காக அவள் பிரெஞ்சு மொழியில் எழுதிய வியாசம்; அதில் 'நான் நினைக்கிறேன்' என்று வந்த இடமெல்லாம் பென்சிலால் மெல்லிய வட்டமிட்டு ஓரத்தில் கேள்விக்குறி போடப்பட்டிருந்தது. இரண்டாவது, ஓர் உபகாரச் சம்பளத்துக்காக அனுப்பவேண்டிய கடிதத்தின் நகல். அதை வாசித்துப் பார்த்த ஆலோசகர் ஒருவர், எல்லாம் நன்றாயிருக்கிறது, ஆனால் இதற்குள் நீ எங்கே இருக்கிறாய் என்று அடியில் எழுதியிருந்தார். பதினெட்டு வயதுப் பிள்ளையை ஒரே வாரத்தில் ஒருவர் மறைந்துகொள் என்றும் மற்றொருவர் வெளியே வா என்றும் பணித்தால் அவள் திகைப்பதில் வியப்பில்லை. எழுத்துப் பயிற்சியைப் பற்றிய சந்தேகம் என்றே முதலில் எண்ணிக்கொண்டு, வாய்க்கு வந்த சமாதானம் ஒன்றைச் சொல்லி வைத்தேன். வீடு திரும்பும் பஸ்ஸில், கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், அவள் கேட்டது நம்முடைய சமயாசாரியர்கள் நூற்றாண்டுக்கணக்காக விசாரித்த கேள்வி என்று உறைத்தது.

இந்த மாகாணத்தில் உயர்பள்ளியை முடித்த பிள்ளைகள் நேரே சர்வகலாசாலைக்குப் போய்விடுவதில்லை. 1967-ல் ஏற்படுத்தப்பட்ட சேஜெப் என்னும் கல்லூரிகளில் பயின்ற பின்னரே போகிறார்கள். அவற்றுள் பிரெஞ்சுக் கல்லூரிகளில், பௌதிகம் கற்பவனும் தாதித் தொழில் கற்பவளும், தமக்கு விருப்பம் உண்டோ இல்லையோ, மூன்று தத்துவப் பாடங்களைப் படித்தே தீரவேண்டும். இந்நகரை நான் நேசிப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. பட்டயம் கையில் கிடைக்குமுன், நாலரை மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்து, 900 சொற்களுக்குக் குறையாத விமரிசன வியாசம் ஒன்றை எழுதித் தேறவும் வேண்டும். இவை போதாவென்று ஆய்வுகூட அறிக்கை, நூற்சுருக்கம், விண்ணப்பக் கடிதம், நாட்குறிப்பு என்று ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு விதமான எழுத்தைக் கேட்கிறது. ஆய்வுகூடத்தில் கரைசல் 'சூடாக்கப்பட்டது' என்று எழுதவேண்டும். சூடாக்கிய கை யாருடையது என்பது அங்கே வேண்டப்படுவதில்லை. ஆய்வேடு எழுதும் பிரெஞ்சுப் பண்டிதர்களோ தம்மை 'நாம்' என்று பன்மையிற் சொல்லிக்கொண்டு, பின்னால் வரும் பெயரடையை மட்டும் ஒருமையில் நிறுத்தி, பலருக்குள் ஒருவராய் ஒதுங்கி நிற்கிறார்கள். நம்முடைய உரையாசிரியர்கள் 'யாம்' என்றதும் இதற்கு அயலானதன்று.

இதே பிரெஞ்சு மொழியில் என்னை வெகுநாள் சிந்திக்க வைத்த சொல் ஒன்று உண்டு. இங்குள்ள பிரெஞ்சுச் சர்வகலாசாலைகளில் முதுகலைப் பட்டத்துக்கு எழுதும் ஆய்வேட்டுக்கு 'மெமுவார்' என்று பெயர். அந்தச் சொல்லே பெண்பாலில் வந்தால் ஞாபகம் என்று பொருள்படும். ஆண்பாற் பன்மையில் வந்தால், ஒருவர் தம்முடைய வாழ்க்கையை நினைந்து நினைந்து எழுதிய நூல். 'நான்' அறவே கூடாத எழுத்தும், 'நான்' இன்றி அணுவும் அசையாத எழுத்தும், ஞாபகம் என்ற ஒரே தாயின் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அந்தப் பாஷை மறவாமல் வைத்திருக்கிறது.

நம்முடைய இலக்கணகாரர்கள் இந்தப் பிரச்சினையை அறியாதவர்கள் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எத்தனை அரிய நூலை இயற்றியவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று முதலில் விதிக்கிறார். ஆதலால் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதும் உரிமையை அவர் நூலாசிரியனுக்குத் தரவில்லை. அவனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் என்ற நால்வருக்கே அதைத் தருகிறார். இன்றைக்கு உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, கற்பித்த ஆசிரியரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி அனுப்புகிறாளே, அது அந்தச் சிறப்புப்பாயிரத்தின் வழிவந்ததென்றே சொல்லலாம். இவ்வளவு கண்டிப்பாக விதித்த முனிவர், உடனேயே நான்கு இடங்களில் விலக்கும் அளிக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போதும், தன்னுடைய ஆற்றலை அறியாதவர் நடுவில் நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்துரைத்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்வது தகும் என்கிறார். நான்கு இடங்களையும் ஒருசேர நோக்கினால், அவற்றின் உட்கிடை விளங்கும். தனக்காகச் சாட்சி சொல்ல வேறொருவர் இல்லாத இடத்தில் மனிதன் தானே சாட்சியாகிறான். அங்கே அவன் சொல்லும் 'நான்' அகங்காரம் ஆகாது.

சாட்சி என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் சைவ சித்தாந்தத்தின் வாசலுக்கே வந்து சேரலாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில், உண்மையை அளக்கும் அளவைகளைப் பேசுகிறார். பல அளவைகள் சொல்லப்படினும் அவையெல்லாம் காட்சி, அனுமானம், ஆகமம் என்ற மூன்றில் அடங்கும் என்பது அவர் துணிபு. மாணவர் எழுதும் எழுத்துக்களை இந்த மூன்று துலாக்கோலிலும் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. ஆய்வுகூட அறிக்கை காட்சியை நம்பி நிற்கிறது; தத்துவ வியாசம் அனுமானத்தை நம்பி நிற்கிறது; முன்னோர் நூல்களை ஆராய்ந்து எழுதும் கட்டுரை, ஆகமம் என்னும் உரையளவையை நம்பி நிற்கிறது. அப்படியானால் தன்னைப் பற்றி எழுதும் எழுத்துக்கு எந்த அளவை ஆதாரம்? அதற்கும் சித்தியாரிலேயே இடம் இருக்கிறது. காட்சி என்பதை அவர் நான்காக வகுத்தவர். இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, யோகக் காட்சி என்பவற்றோடு தன்வேதனைக் காட்சி என்று ஒன்றையும் வைத்திருக்கிறார். இன்பமும் துன்பமும் ஓர் உயிருக்குள் நிகழும்போது அந்த உயிரே அவற்றை நேராக அறிகிறதே, அந்த அறிவு அது. பிறர் பார்க்க முடியாதது என்பதனால் அதைப் பிரமாணம் அன்று என்று அவர் தள்ளவில்லை. இதை நான் மிகப் பெரிய நியாயமாகக் கருதுகிறேன். பசியைப் பற்றிப் பசித்தவன் சொல்வதற்கு வெறும் அபிப்பிராயம் என்று பெயரிடுவது தவறு.

இதன் கனத்தை நான் ஏட்டிலிருந்து மாத்திரம் அறிந்தவன் அல்லன். 1986-ம் ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நம்மவராகிய ஈழத்தமிழர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களிற் பலர் இந்நகருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னும் ஆண்டுதோறும் சனங்கள் வந்தார்கள். 1989-ல் அமைந்த குடிவரவு அகதிகள் சபைக்கு ஒவ்வொருவரும் 'பிஃப்' என்று நம்மவர் சொல்லிப் பழகிய படிவத்தை நிரப்பி, தமக்கு நேர்ந்தவற்றையெல்லாம் காலவரிசைப்படி எழுதி, 28 நாட்களுக்குள் ஒப்படைக்கவேண்டியிருந்தது. நான் சில காலம் அந்தப் படிவங்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எதிரே இருப்பவர் தமிழில் சொல்வார். நான் வேற்று மொழியில் 'நான்' என்று எழுதுவேன். 'நான் ஓடினேன்', 'என் தம்பியைக் கொண்டுபோனார்கள்' என்று என் கை எழுதிய அந்த 'நான்' நான் அல்லன். முடிவில் முழுவதையும் திரும்ப அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டியதற்கு அடையாளமாக நானும் கையொப்பம் இடுவேன்.

ஒருநாள் ஓர் ஐயா, வேட்டி கட்டிப் பழகிய உடம்பில் கடன்வாங்கிய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர், தன் வீடு எரிந்த நாளை "நல்லூர்த் தீர்த்தம் முடிஞ்சு மூண்டாம் நாள்" என்று சொன்னார். படிவமோ நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களை நீட்டியது. தேதி தெரியாதா என்று கேட்டால் அவர் முகம் வாடியது, பொய்யன் என்று சொல்லப்பட்டவர் போல. பிறகு ஒருவர் வீட்டிலிருந்து பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வருவதை வைத்து நாளைக் கணக்கிட்டு எழுதினோம். அவருடைய ஞாபகத்திற்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தன்வேதனைக் காட்சியை அனுமானம் வந்து தாங்கிய அந்த மாலையில், சொந்த எழுத்து, ஆய்வு எழுத்து என்று நாம் வகுத்துக்கொண்ட வேலி எனக்குக் கண்ணில் படவில்லை.

அந்தப் பிள்ளையின் தத்துவ வியாசம் தெக்கார்த் என்ற பிரெஞ்சு ஞானியைப் பற்றியது. 1637-ல் வெளிவந்த தம்முடைய நூலில் அவர், கல்விக் காலம் தொடங்கித் தம் கதையைத் தாமே சொல்லி, ஒரு குளிர்காலத்தில் அடுப்பு மூட்டிய அறைக்குள் தனியே அடைபட்டிருந்து சிந்தித்து, பின்னொரு காலத்தில் சந்தேகிக்கக் கூடியவற்றையெல்லாம் சந்தேகித்துத் தள்ளி, சந்தேகிக்கிற தான் ஒருவன் உண்டென்பதை மாத்திரம் தள்ள இயலாமற் கண்டுகொண்ட விதத்தை விவரிக்கிறார். நவீன தத்துவத்தின் மூலநூல் என்று உலகம் போற்றும் அந்நூல் தன்மையிடத்தில் நின்று எழுதப்பட்டது என்பதை, 'நான்' என்பதற்கு வட்டமிடும் பென்சில்கள் சற்று நினைக்கலாம். அவருக்குச் சுமார் நானூறு ஆண்டுகள் முன்னே மெய்கண்டதேவர், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், ஏறக்குறைய அதே வாசலால் நுழைகிறார். இதுவன்று, இதுவன்று என்று ஒவ்வொன்றாய் மறுத்துக்கொண்டு போகிற ஒன்று இருக்கிறதே, அதுவே ஆன்மா. எனது உடல் என்று உடைமையாகப் பேசுகிற ஒன்று இருக்கிறதே, அது உடலின் வேறானது என்கிறார். ஒரு வேற்றுமை உருபிலிருந்து உயிரின் உண்மையை எடுத்துக்காட்டிய நுட்பத்தை நான் இன்றும் வியந்து முடித்தவன் அல்லன். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தெக்கார்த்தின் 'நான்', முதற்படியிலாவது, தனித்து நிற்கிறது. மெய்கண்டாரின் ஆன்மாவோ தானாக அறியமாட்டாது, அறிவிக்க அறிவது. கண்ணுக்குக் காணும் சக்தி உண்டு. எனினும் சூரியன் வெளிச்சம் தராவிட்டால் அந்தச் சக்தி வெறுமனே கிடக்கும்.

இங்கேதான் என் மருமகளின் கேள்விக்கு எனக்குத் தெளிவு பிறந்தது. ஆய்வு எழுத்தில் 'நான்' என்ற சொல்லை நீக்கிவிடுவதால் மட்டும் வினயம் வந்துவிடாது. 'கருதப்படுகிறது' என்ற வினைக்குப் பின்னால் அகங்காரம் சௌகரியமாக உட்கார்ந்திருக்க முடியும். அவ்வெழுத்தின் மெய்யான வினயம் அடிக்குறிப்பில் இருக்கிறது. இதை இன்னாரிடமிருந்து அறிந்தேன், இன்ன நூலின் இன்ன பக்கத்தில் எனக்கு வெளிச்சம் கிடைத்தது என்று சொல்லுவது, நான் அறிவிக்க அறிந்தவன் என்று ஒப்புக்கொள்ளுவதே. தொல்காப்பியர் 'என்ப' என்று முன்னோர்மேல் ஏற்றிச் சொல்லிக்கொண்டே போனதை, பழைய நடை என்று நான் கடந்துவிடுவதில்லை. இந்நகரில் 1931-ல் பிறந்து, 1821-ல் நிறுவப்பட்ட மக்கில் சர்வகலாசாலையில் கற்பித்த சார்லஸ் டெய்லர் என்ற தத்துவாசிரியரும், 1989-ல் வெளியிட்ட பெரு நூலில், ஒருவன் தனித்திருந்து தானாக ஆவதில்லை, தன்னோடு பேசுகிறவர்களுக்கு நடுவில் நின்றே தானாகிறான் என்று வெகு விரிவாக நிறுவுகிறார். அவருடைய வழி வேறு. ஆயினும் அந்த இடத்தை வாசித்தபோது எங்கள் ஊர்ச் சைவப் பிரசங்கம் ஒன்றைக் கேட்பது போல இருந்தது.

அடுத்த ஞாயிறு, தொலார்-தெஸ்-ஓர்மோவில் உள்ள திருமுருகன் கோயிலில் அவளைக் கண்டபோது, வெளிமண்டபத்தில் சப்பாத்துக்களை அடுக்கும் தட்டின் அருகே நின்று இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். கடிதத்தில், வேறு யாரும் உனக்காகச் சொல்லமுடியாததை மட்டும் நீ சொல். வியாசத்தில், நீ யாராரிடம் கேட்டறிந்தாயோ அவர்களை மறையாமல் சொல் என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, தெக்கார்த்துக்கு மறுப்பாகத் தான் எழுதிய பந்தி உண்மையில் தன் சொந்த யோசனை இல்லை என்றும், மின்சாரம் இல்லாத காலத்தில் ஊரில் விளக்கு ஏற்றும்போது சொல்லிப் பழகி அம்மம்மா இன்றும் சொல்லும் வசனத்திலிருந்து வந்தது என்றும் சொன்னாள்.

"கண் இருந்தாக் காணாது பிள்ளை, விளக்கும் வேணும்."

யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'காணாது' என்றால் 'போதாது' என்றும் பொருள். அம்மம்மா அந்த வசனத்தில் எந்தப் பொருளைக் கருதினாவோ, இரண்டும் மெய்யே. மெய்கண்டாரைப் படிக்காத ஒரு மூதாட்டியின் வாயில் சித்தாந்தம் இப்படி வீட்டுச் சாமானாய்ப் புழங்குவதைக் கேட்டு எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

"மாமா, அம்மம்மா சொன்னதை அடிக்குறிப்பில போடலாமோ?"

போடலாம் என்றேன். நூலில் அச்சேறாத வாய்மொழியையும் குறிப்பிட முறை இருக்கிறது. சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் எழுதினால் போதும்.

"தேதியோ?" என்று அவள் யோசித்தாள். "அவ எப்பவும் சொல்லுறவ, மாமா."